மற்றக் கரையாரின் ஆறு

"மிஸ், உங்கட ஆத்தை வெட்டட்டா?"

கேட்டவர் அசனார் காக்கா; முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வார்கள். வம்மிச்சேனையின் வட்டவிதானை. வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வடிப்பது என்று முடிவு சொல்கிற மனிதர். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, மழைக்குத் தலையில் உரப்பை ஒன்றைக் கொங்காணியாகக் கவிழ்த்திருந்தார். தோளில் மண்வெட்டி.

நாங்கள் நின்றது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்மேட்டில். ஒரு பக்கம் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் ஆறு, ஊதிப் பெருத்துப்போய்க் கிடந்தது. மற்றப் பக்கம் கடல். காலடி மணலில் நண்டுப் பொந்துகள். அசனார் காக்காவுக்குப் பின்னால் வம்மிச்சேனை ஆட்கள் இருபது பேர். எனக்குப் பின்னால் நறுவிலிக்குடா ஆட்கள் இருபது பேர். எல்லார் கையிலும் மண்வெட்டி. மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் திருகோணமலையில் வீதிகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் வரைகிற உத்தியோகம் பார்த்தவள். எனக்கென்று ஒரு சைக்கிள் இருந்தது, நாலு சிவப்புப் பேனா இருந்தது. ஆறு ஒருபோதும் இருந்ததில்லை.

பக்கத்தில் நறுவிலிக்குடாப் பரமேஸ்வரி நின்றார். அந்த ஆற்றோரத்திலேயே மிகத் தாழ்ந்த வயல் அவருடையது, இரண்டரை ஏக்கர். நெல் குடலையில் நின்றது. கதிர் வெளியே வர இன்னும் ஒரு கிழமை. அன்று காலை தண்ணீர் பயிரின் கழுத்துக்கு வந்திருந்தது. பின்னேரத்துக்குள் மணல்மேட்டை வெட்டி ஆற்றைக் கடலில் விடாவிட்டால் அந்த இரண்டரை ஏக்கரும் மூழ்கிவிடும். வீட்டில் நாலு வாய், வருமானம் அந்த ஒரு போகம்தான்.

"சொல்லுங்கோ மிஸ்," என்றார் பரமேஸ்வரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓம் என்று சொல்லவும் வழியில்லை, இல்லை என்று சொல்லவும் வழியில்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் சேற்றில்தான் நின்றன. இந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். குற்றவாளி யார் என்று தேடி நீங்கள் களைக்க வேண்டாம். நான்தான்.

வாய் மூடுகிற ஆறு

போன கிழமை இந்தப் பத்தியில் கந்தோர் அலுமாரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மூதூரிலிருந்து ஒரு வாசகர், "அலுமாரிக்கே ஒரு கிழமை என்றால் ஆற்றுக்கு எத்தனை கிழமை எடுப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். பயப்பட வேண்டாம். இது சின்ன ஆறு, ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும்.

மூதூரைத் தாண்டி வெருகல் பக்கம் போகிற கரையோரப் பாதையில் இந்த ஆறு இருக்கிறது. இலங்கைத்துறைக்கு இங்காலா அங்காலா என்று நான் சொல்லப்போவதில்லை. ஊர்ப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

ஆறு என்றால் மகாவலியை நினைத்துக்கொள்ளக் கூடாது. மகாவலி மலையில் பிறந்து, பாதி நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் வந்ததும் ஒரு கிளைக்கு வெருகல் ஆறு என்று பெயரை மாற்றிக்கொள்கிற பெரிய இடத்துப் பிள்ளை. நம்முடைய ஆறு ஒரு குளத்து வானில், மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தில், பிறக்கிறது. குளம் நிரம்பி வழிந்தால்தான் அதற்குப் பிறந்தநாள். பிறகு வயலுக்குள் இறங்குகிறது. அங்கே அதை எல்லாரும் வடிச்சல் என்பார்கள். ஆறு என்று ஒருவரும் மதிப்பதில்லை. எருமைகள் கிடக்கும், மேலே கொக்கு நிற்கும். அதற்குப் பிறகு கண்டல் மரங்களுக்குள் நுழைந்து, கறுத்து, அகன்று, சேற்று மணம் எழும்ப மெதுவாக நடந்து வருகிறது. கடைசி ஒரு மைலில்தான் அதற்கு ஆறு என்கிற மரியாதை கிடைக்கிறது. வடக்குக் கரையில் வம்மிச்சேனை, முஸ்லிம் ஆட்களின் ஊர். தெற்குக் கரையில் நறுவிலிக்குடா, தமிழ் ஆட்களின் ஊர். இரண்டு ஊரிலும் வயலும் உண்டு, வலையும் உண்டு.

அங்காலே கடல். ஆனால் ஆற்றைக் கடல் எப்போதும் உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. வெயில் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை மூடிவிடும். மழை தொடங்கினால் உள்ளே தண்ணீர் ஏறும். அப்போது மனிதர்தான் மண்வெட்டியோடு போய் வாயை வெட்டிவிட வேண்டும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. முந்தி வெட்டினால் உள்ளே வளர்கிற இறால் குஞ்சிலேயே கடலுக்குப் போய்விடும். பிந்தி வெட்டினால் நெல் மூழ்கிவிடும். இறாலும் வேண்டும், நெல்லும் வேண்டும் என்கிற இரண்டு ஊருக்கு இடையே இது ஒரு நாள், அரை நாள் வித்தியாசத்தில் தொங்குகிற விஷயம்.

சண்டைக் காலம் முடிந்து எங்கள் கரையோரம் முழுக்கப் பாலங்கள் முளைத்த ஆண்டுகள் அவை. அதற்கு முந்தித் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவன் துறைக்குத் துறை இறங்கி ஏற வேண்டும். வாகனத்தை ஏற்றிக் கடக்கிற அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர். "பாதை அக்கரையில நிக்குது" என்று சொன்னால் வெளியூர்க்காரர் முழிப்பார்கள். பெரிய துறைகளுக்குப் பெரிய பாலம் வந்தபின், கடைசியாக எங்கள் சின்ன ஆற்றுக்கும் ஒரு சின்னப் பாலம் வந்தது. பாலத்துக்குப் பெயர்ப் பலகை வேண்டும். பெயர்ப் பலகை எழுதுவது என் மேசை வேலை.

எனக்கு இருந்த வியாதி

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். திருத்துவது எனக்குத் தொழில் அல்ல, வியாதி. தேத்தண்ணிக் கடைப் பெயர்ப் பலகையில் ஒரு எழுத்துக்குக் கால் குறைந்திருந்தால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. மரண அறிவித்தலைக்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் வாசிப்பேன். நான் எழுதியதை யாராவது திருத்தினால் மட்டும் மூன்று நாள் கதைக்கமாட்டேன்.

என் தம்பியின் கலியாண அழைப்புக் காட்டை அச்சுக்குக் கொடுக்க முன் என்னிடம் காட்டினார்கள். பெண்ணின் தகப்பன் பெயர் 'தம்பு' என்று இருந்தது. கூப்பிடுகிற பெயரைப் போய்க் காட்டில் போடுவார்களா? தம்பையாவாகத்தான் இருக்கும் என்று, யாரையும் கேளாமல் திருத்தி அனுப்பிவிட்டேன். பார்த்தால் மனிதனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் தம்புதான். அச்சடித்த காட் வந்த அன்று அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்கட மகன் கட்டப்போறது ஆர்ர மகளை?" என்று கேட்டார். நான் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கலியாணம் நடந்தது. இன்றுவரை அந்த வீட்டுக்குப் போனால் "தம்பையா வீட்டுக்கு வாங்கோ" என்றுதான் வரவேற்கிறார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகாவது ஒரு மனிசிக்குப் புத்தி வரவேண்டும். வரவில்லை.

இரண்டு படிவம்

பாலத்தின் பெயருக்காக இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு படிவம் அனுப்பியிருந்தோம். 'ஆற்றின் பெயர்' என்று ஒரு கோடு, கீழே கையெழுத்து, முத்திரை. இரண்டும் ஒரே நாள் தபாலில் திரும்பி வந்தன. அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற அவசரம்.

வம்மிச்சேனைப் பள்ளிவாசல் முத்திரையோடு வந்த படிவத்தில் 'நறுவிலி ஆறு' என்று இருந்தது. நறுவிலிக்குடாக் கோயில் முத்திரையோடு வந்ததில் 'வம்மி ஆறு' என்று இருந்தது.

நான் சிரித்தேன். வம்மிச்சேனைக்காரர் நறுவிலி என்று எழுதுவார்களா? நறுவிலிக்குடாக்காரர் வம்மி என்று எழுதுவார்களா? தன் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அயலூர்ப் பெயரைக் கேட்கிற ஊர் உலகத்தில் உண்டா? படிவங்களை யாரோ மாற்றி நிரப்பிவிட்டார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு அம்புக்குறி போட்டு, அதை இதற்கும் இதை அதற்கும் மாற்றினேன். ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். நான் ஆற்றைக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் எஞ்சினியர் சமாதானப் பிரியர். "ஒரு பேரைப் போட்டால் மற்ற ஊர் கோவிக்கும். ரெண்டு கரைக்கும் ரெண்டு பலகை போடுங்கோ," என்றார். வம்மிச்சேனைக் கரையில் 'வம்மி ஆறு'. நறுவிலிக்குடாக் கரையில் 'நறுவிலி ஆறு'. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, கீழே கந்தோர்த் தொலைபேசி இலக்கம். இரண்டு ஊருக்கும் அவரவர் பெயர். என் உத்தியோக காலத்திலேயே அழகான பலகைகள் அவைதான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பலகை எழுதின ஆள்

மூன்று மாதம் போனது. மார்கழி மழை ஊத்து ஊத்தென்று ஊத்தியது. ஒரு நாள் மத்தியானம் கந்தோர்த் தொலைபேசி அடித்தது.

"பாலத்துப் பலகை எழுதின கந்தோரோ?"

"ஓம்."

"எழுதின ஆள் ஆர்?"

யாரோ பாராட்டத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். "நான்தான்," என்றேன், கொஞ்சம் மிடுக்காக.

"நாளைக்கு வெள்ளென நீங்க இங்க நிக்கோணும். என்ர பேர் பரமேஸ்வரி, நறுவிலிக்குடா. என்ர ரெண்டரை ஏக்கர் குடலையில நிக்குது. தண்ணி ஏறுது. வாய் வெட்டோணும். உங்கட பலகையால ஒருத்தரும் வெட்டுறாங்கள் இல்லை."

"பலகைக்கும் வாய் வெட்டுறதுக்கும் என்ன தொடர்பு?"

"அதை வந்து கேளுங்கோ," என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் கந்தோர் ஜீப்பில் புறப்பட்டேன். படிவம் இரண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சாரதி ஜெயம் கிண்ணியாவைத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், "மிஸ், அடிப்பாங்களோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் ஜீப்பைத் திருகோணமலைப் பக்கம் திருப்பியே விடுறன், ஓட வசதியா," என்றான்.

பரமேஸ்வரிக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைக்கு மேலே புருஷனின் பழைய சேர்ட் போட்டு, முழங்கால்வரை சேறு. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, என்னை இருத்தி, பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சக்கரையும் தந்துவிட்டு ஏசத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை வெறும் வயிற்றோடு ஏசுவதில்லை.

"இந்த ஆத்துக்கு நாங்க வம்மி ஆறெண்டுதான் சொல்றது. அதைத்தானே எழுதித் தந்தனாங்கள்?"

"அது அவையின்ர ஊர்ப் பேரல்லோ?" என்றேன்.

"அப்ப என்ன? ஆத்துக்குப் பேர் ஆருக்கு வேணும்? கடக்கிறவனுக்குத்தானே. நான் வம்மிச்சேனைக் கடைக்குப் போறண்டா வம்மி ஆத்தைக் கடக்கிறன். அவை இங்கால வாறண்டா நறுவிலி ஆத்தைக் கடக்கினம். தன்ர வீட்டு வாசலை ஆராவது பேர் சொல்லிக் கூப்பிடுவினமோ?"

எனக்கு வாயில் சக்கரை இருந்தது. அதை முழுசாகவே விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். வாய் வெட்டுகிற காலம் வந்தால், எந்தக் கரைக்கு அவசரமோ அந்தக் கரையிலிருந்து ஒருவர் வெற்றிலை எடுத்துக்கொண்டு மற்றக் கரைக்குப் போவார். போய், "உங்கட ஆத்தை வெட்டட்டா?" என்று கேட்பார். அங்கே சம்மதம் என்றால், "எங்கட ஆறில்லை, உங்கட ஆறு. வெட்டுங்கோ," என்பார்கள். இறால் இன்னும் வளரவில்லை, பொறுக்க வேண்டும் என்றால், "எங்கட ஆறுதான்," என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவர் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து இரண்டு நாள் பொறுப்பார். ஊர் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்திலும் இந்தக் கேள்வியும் பதிலும் மாறவில்லையாம். கேளாமல் வெட்டினால் அது களவு. முந்தி ஒருதரம் யாரோ அப்படி வெட்டி, அடுத்த விதைப்பு வரைக்கும் இரண்டு ஊரும் முகம் பார்க்கவில்லையாம்.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் இந்த ஆற்றங்கரைக்கு வந்திருக்கமாட்டார்.

இப்போது என் பலகைகளை நினைத்துப் பாருங்கள். வம்மிச்சேனைக் கரையில் 'வம்மி ஆறு'. அதாவது, எங்கட ஆறுதான். நறுவிலிக்குடாக் கரையில் 'நறுவிலி ஆறு'. அதாவது, எங்கட ஆறுதான். வெட்டாதே, வெட்டாதே என்று இரண்டு கரையிலும் பச்சை நிறத்தில் அறைந்து வைத்திருக்கிறேன்.

"உங்கட கரைப் பலகையும் பிழைதானே? அது கந்தோர்ப் பிழையெண்டு விளங்கேல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கட பலகை கந்தோர்ப் பிழைதான். அது விளங்கினது," என்றார் பரமேஸ்வரி. "அவையின்ர பலகை அவை கேட்டு வாங்கினதெண்டு நினைச்சம்."

வம்மிச்சேனையிலும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். மனித சுபாவம் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

"அப்ப இந்த வருஷம் ஒருத்தரும் போய்க் கேக்கேல்லையா?"

"எப்பிடிக் கேக்கிறது? முந்தி மரியாதைக்குச் சொன்னம், உங்கட ஆறெண்டு. இப்ப பலகையும் போட்டாச்சு. இனிப் போய்க் கேட்டா உண்மையாவே அவையின்ர ஆறாப் போயிரும்."

அவர் அதோடு ஏசுவதை நிறுத்தி, வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பச்சைப் பரப்பாக இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் மினுங்கியது. அதற்கு மேலே நெல்லின் நுனிகள் மட்டும், ஒரு சாண் உயரத்துக்கு.

"உரத்துக்குப் பட்ட கடன் பெரிசில்லை மிஸ்," என்றார். "குடலையை விரிச்சுப் பாத்தனான். உள்ளுக்குக் கதிர் இருக்கு. பிள்ளை மாதிரி இருக்கு."

எனக்கு வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். தம்பு மாமா வாசலில் வந்து நின்றபோதுகூட அவ்வளவு வெட்கப்படவில்லை.

மணல்மேட்டில்

இரண்டு ஊரையும் மணல்மேட்டுக்குக் கூப்பிட்டோம். பாலத்தில் கூடினால் பலகையைப் பார்த்தே சண்டை வரும் என்று ஜெயம் சொன்னான். அவன் சொன்ன ஒரே நல்ல யோசனை அது. வம்மிச்சேனைக்கு ஆள் அனுப்பியபோது, "பலகை எழுதின மிஸ் வந்திருக்கா" என்று சொல்லி அனுப்பினோம். அதைக் கேட்டு வராமல் இருப்பார்களா?

இரண்டு கூட்டமும் நடுவில் பத்து முழம் விட்டு நின்றன. வெற்றிலை இல்லை, மண்வெட்டிகள் மட்டும் இருந்தன. நான் நடுவில் நின்று பொலித்தீன் பையை அவிழ்த்தேன்.

"இது வம்மிச்சேனையில இருந்து வந்த படிவம்," என்று உரக்கச் சொன்னேன். "ஆற்றின் பெயர், நறுவிலி ஆறு."

நறுவிலிக்குடாப் பக்கத்தில் ஒரு அசைவு.

"இது நறுவிலிக்குடாவில இருந்து வந்தது. ஆற்றின் பெயர், வம்மி ஆறு."

மற்றப் பக்கத்தில் ஒரு அசைவு.

"ரெண்டு ஊரும் சரியாத்தான் எழுதித் தந்தது. மாத்தினது நான். ஆரையும் கேளாமல் மாத்தினனான். பிழை என்ர."

அசனார் காக்கா வந்து படிவங்களை வாங்கினார். மழையில் நனையாமல் உரப்பைக்கு உள்ளே பிடித்துப் பார்த்தார். "இது என்ட கையெழுத்துத்தான்," என்றார். பிறகு, "இந்தச் சிவப்பு அம்பு ஆர்ர?"

"என்ர."

அவர் படிவங்களைப் பரமேஸ்வரியிடம் கொடுத்தார். பரமேஸ்வரி பின்னால் நின்றவர்களிடம் கொடுத்தார். படிவம் இரண்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கைமாறிப் போயின. எல்லாரும் என் அம்புக்குறிகளைப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் கவனமாகப் பார்த்த வேலை என் சீவியத்தில் வேறில்லை.

வம்மிச்சேனைக் கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது: "அப்ப நாங்க மூணு மாசமாக் கோவிச்சது இந்த மிஸ்ஸோடயா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் ஒருவரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. கேள்வி கேட்டால்தானே வெட்டலாம். யார் முதலில் கேட்பது? மூன்று மாதம் முறைத்துக்கொண்டு நின்றவர்கள். முந்திக் கேட்கிறவர் இறங்கிப்போனவர் ஆவார். பரமேஸ்வரி கேட்கத் தயார்தான், ஆனால் அவர் வயல் அவசரத்துக்குக் கேட்டால் ஊரின் கேள்வி ஆகாது என்று அவர் பக்கத்து ஆட்களே சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அசனார் காக்கா கடலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பாலத்துப் பலகையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு வந்தது.

"பலகையில பேரெழுதினவங்களுக்குத்தானே ஆறு சொந்தம்," என்றார் எல்லாருக்கும் கேட்க. "ரெண்டு ஊரும் எழுதல்ல. எழுதினது மிஸ். அப்ப இந்த வருஷம் மிஸ்ஸிட்டத்தான் கேக்கணும்."

அப்படித்தான் அந்தக் கேள்வி வந்தது.

"மிஸ், உங்கட ஆத்தை வெட்டட்டா?"

ஓம் என்றால் ஆறு என்னுடையது என்று ஆகிவிடும். வெட்டாதே என்று அர்த்தம். இல்லை என்றாலும் வெட்டமாட்டார்கள். காலையில் தேத்தண்ணியோடு கேட்ட பாடத்தைத் தொண்டைக்குள் தேடிப் பிடித்தேன்.

"என்ர ஆறில்லை," என்றேன். "உங்கட ஆறு. வெட்டுங்கோ."

அசனார் காக்கா தலையை ஆட்டினார். பரமேஸ்வரி பக்கம் திரும்பி, "தங்கச்சி, உங்கட ஆறாம்," என்றார்.

"எங்கட ஆறில்லைக் காக்கா. உங்கட ஆறு," என்றார் பரமேஸ்வரி.

"பின்ன வெட்டுவம்," என்றார் அவர். மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "முதல் வெட்டு மிஸ்."

என் முதல் வெட்டில் ஒரு சிரட்டை மண் வந்திருந்தால் அதிகம். செருப்பு மணலில் புதைந்து ஒன்று போய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு நாற்பது மண்வெட்டியும் இறங்கின. கடல் பக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம் அகலத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஆற்றை நோக்கி வந்தார்கள். கடைசி ஒரு முழ மண்ணை மட்டும் விட்டுவைத்து, எல்லாரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, அசனார் காக்காவும் நறுவிலிக்குடாவில் ஒருவருமாக அதைத் தட்டிவிட்டார்கள்.

முதலில் ஒரு போத்தல் தண்ணீர் போகிற மாதிரித்தான் போனது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆறு தானாகவே மணலை அரித்து அரித்து வாயை அகட்டியது. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக விழுந்தது. நாங்கள் பின்னால் போகப் போக அது எங்களைத் துரத்தியது. கொஞ்ச நேரத்தில் மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் தூரத்துக்குப் பாய்ந்து போவது தெரிந்தது. அதற்குள் எங்கிருந்தோ வீச்சுவலைகள் வந்துவிட்டன. ஆற்றோடு அள்ளுண்டு வந்த இறாலுக்கு இரண்டு ஊரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வலை வீசின. ஜெயம் ஒரு உரப்பை நிறைய இறாலோடு வந்து, "ஜீப்பை நேராத் திருப்பட்டா மிஸ்?" என்றான்.

பரமேஸ்வரி இறாலைப் பார்க்கவில்லை. வயலுக்கு ஓடினார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, ஒரு விரலைக் காட்டினார். "ஒரு விரல் இறங்கியிருக்கு." பின்னேரம் மறுபடி போய் வந்து முழங்கையைத் தொட்டுக் காட்டினார். நெல்லுத் தாளில் தண்ணீர் நின்ற அடையாளம் மண்கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே தாள் நிமிர்ந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தினேன், மழைதானே, ஒருவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அது சரி

அன்றைக்கே பலகைகளையும் மாற்றினோம். ஜெயத்திடம் நட்டுக் கழற்றுகிற சாவி இருந்தது, ஊரில் ஏணி இருந்தது. வம்மிச்சேனைக் கரையில் 'நறுவிலி ஆறு', நறுவிலிக்குடாக் கரையில் 'வம்மி ஆறு'. யாருடைய அனுமதியோடு மாற்றினீர்கள் என்று எஞ்சினியர் கேட்டார். இரண்டு ஊரையும் கேட்டுத்தான் மாற்றினேன் என்றேன். என் வாழ்க்கையில் கேட்டுச் செய்த முதல் திருத்தம் அது.

அந்தப் போகத்தில் பரமேஸ்வரி புத்தரிசி ஒரு பை பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தார். பையில் கரித்துண்டால் 'ஆத்துக்கார மிஸ், திருகோணமலை' என்று மட்டும் எழுதியிருந்தது. கண்டக்டர் நேரே என் வீட்டு வாசலில் வந்து இறக்கினான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டு உலை வைத்தேன்.

நான் ஓய்வு பெற்று இப்போது சில வருஷம். போன மாதம் ஒரு தொலைபேசி வந்தது. கந்தோரில் என் கதிரைக்குப் புதிதாக வந்திருக்கிற உத்தியோகத்தர். நல்ல குரல். வேலையில் கவனமான ஆள் என்று கேட்டதுமே தெரிந்தது.

"மிஸ், உங்கட காலத்துப் பாலம் ஒண்டு பாக்க வந்தனான். ரெண்டு பலகையும் மாறிக் கிடக்கு. வம்மிச்சேனைக் கரையில நறுவிலி எண்டும், நறுவிலிக்குடாக் கரையில வம்மி எண்டும் இருக்கு. நான் திருத்தட்டா?"

எனக்கு எங்கேயோ ஒரு சந்தோஷம் கிளம்பியது.

"அது என்ர பாலமில்லையே தம்பி," என்றேன். "கரையில போய்க் கேளுங்கோ."

"எந்தக் கரையில மிஸ்?"

"இப்ப எந்தக் கரையில நிக்கிறீங்களோ, அதுக்கு மற்றக் கரையில."

அவர் போயிருக்கிறார். அங்கே கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "எங்களிட்ட ஏன் கேக்கிறீங்கள், அவையின்ர ஆறல்லோ?" என்று மற்றக் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் தேத்தண்ணி கொடுத்து, திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது தேத்தண்ணியோடு மனிதன் ஜீப்பில் ஏறிவிட்டாராம். பலகைகள் அப்படியே இருக்கின்றன.